தோட்ட விசாரணையோடு உங்கள் வழக்கு முடிந்துவிடவில்லை

வாசகர் கேள்வி:

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் 17 வருடங்கள் வேலை செய்தேன். எனக்கு வயது 44. பெப்ரவரி 11ஆம் திகதி இரவு வேலை முடிந்து வெளியே வந்தபோது வாச்சர் என் சோற்றுப் பையைச் சோதித்து, அதில் ஒன்றரைக் கிலோ தேயிலைத் தூள் இருப்பதாகச் சொல்லித் தடுத்தார். அது எனக்கும் என் தங்கை வீட்டாருக்கும் அந்த மாதம் தோட்டத்தில் கொடுத்த தூள். வேலைக்குப் போகும்போதே வாங்கிப் பையில் வைத்திருந்தேன். மறுநாள் வேலையை இடைநிறுத்தினார்கள். மார்ச் மாதம் தொழிற்சாலை ஆபீஸில் விசாரணை நடந்தது. என்னைக் குற்றம் சாட்டிய தொழிற்சாலை அதிகாரியே உதவி முகாமையாளரான சின்னத் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். சங்கத்தின் தோட்டத் தலைவரை உள்ளே விடவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஏப்ரல் 24ஆம் திகதியிட்ட கடிதத்தில், பெப்ரவரி 12 முதல் வேலையிலிருந்து நீக்கியதாக எழுதியிருக்கிறது. பொலிஸார் போட்ட வழக்கில் நீதவான் என்னை மே மாதம் விடுவித்துவிட்டார். கொழும்பில் ரிட் வழக்குப் போட்டு விசாரணையை ரத்துச் செய்யலாம் என்கிறார் ஒருவர். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் சேமலாப நிதியும் பணிக்கொடையும் கிடைக்க வழி செய்வதாகப் தோட்ட முகாமையாளரான பெரிய துரை சொல்லி அனுப்பியிருக்கிறார். லயத்து வீட்டையும் விடச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மதிப்புக்குரிய வாசகருக்கு,

ஜூன் மாதக் கடைசியில் என் கைக்குக் கிடைத்த உங்கள் கடிதத்தையும், அதனோடு நீங்கள் அனுப்பிய வேலைநீக்கக் கடிதத்தின் பிரதியையும் இரண்டு முறை வாசித்தேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிட் மனுவிலும் கையொப்பமிட வேண்டாம், ராஜினாமாக் கடிதத்திலும் கையொப்பமிட வேண்டாம். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் ஹட்டன் தொழில் நியாய சபையில் உங்கள் விண்ணப்பம் பதிவாகியிருக்க வேண்டும்.

ரிட் மனு வேண்டாம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் உள்ள ஒரு சிறிய பிரிவு. 1957ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தொழில் நியாய சபைகளை உருவாக்கியபோது, வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி தானாகவோ தன் தொழிற்சங்கத்தின் ஊடாகவோ அந்தச் சபையிடம் நிவாரணம் கேட்கலாம் என்று 31பி பிரிவில் எழுதியது. அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, ஒரு தொழிலாளி முதலில் வேறொரு சட்டப் பரிகாரத்தை நாடிவிட்டால், அதற்குப் பிறகு நியாய சபையின் பரிகாரத்துக்கு அவர் உரித்துடையவர் அல்லர் என்கிறது. ஆகவே நீங்கள் முதலில் கொழும்புக்குப் போய் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அது தள்ளுபடியாகித் திரும்பி வந்தால், ஹட்டனில் உள்ள கதவும் சாத்தப்பட்டிருக்கும். இந்த மலைப்பக்கத்தில் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட தவறான ஆலோசனையால் இருந்த ஒரே வழியையும் இழந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் விடயத்தில் ரிட் மனு வெல்வதும் கடினம். ரிட் எனப்படும் எழுத்தாணை அரச அதிகாரத்தைப் பயன்படுத்தும் அமைப்புகள் தம் அதிகார எல்லையை மீறும்போது அவற்றைக் கட்டுப்படுத்துவதற்கானது. உங்கள் தோட்டத்தை நடத்துவது, 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது உருவான பெருந்தோட்டக் கம்பனிகளில் ஒன்று என்பது கடிதத் தலைப்பிலிருந்து தெரிகிறது. தனியார் கம்பனி தன் தொழிலாளியைத் தொழில் ஒப்பந்தத்தின் கீழ் நீக்கும்போது, அது ரிட் மனுவுக்குரிய விடயமாகப் பொதுவாகக் கொள்ளப்படுவதில்லை. அரச தோட்ட அமைப்புகளான ஜனவசமவிலோ அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திலோ வேலை செய்பவர்களுக்கும் நியாய சபையே நேரான வழி. அரசாங்கத்தையே முதலாளியாகக் கொண்ட ஆசிரியர்களுக்கும் அரச உத்தியோகத்தர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் அவர்களுடைய பாதை வேறு. அதை இங்கே விரிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் அதிக வேதனையோடு எழுதியிருப்பது அந்த உள்ளக விசாரணையைப் பற்றித்தான். அந்த வேதனை நியாயமானது. குற்றம் சாட்டியவரே விசாரிப்பவரின் பக்கத்தில் அமர்ந்து கேள்வி கேட்பதும், உங்களுக்குத் துணையாக வந்த தலைவரை வாசலில் நிறுத்துவதும், விளங்காத மொழியில் எழுதிக் கையொப்பம் வாங்குவதும் எந்த அளவுகோலாலும் நீதியான விசாரணை ஆகாது. ஆயினும் அந்த விசாரணையை ரத்துச் செய்வதுதான் உங்கள் வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். தனியார் துறையில், வேலைநீக்கத்துக்கு முன் உள்ளக விசாரணை நடத்தியே ஆகவேண்டும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டக் கட்டாயம் இல்லை. விசாரணை பிழையானது என்ற ஒரே காரணத்தால் வேலைநீக்கம் தானாகவே செல்லாமற் போவதும் இல்லை. அதேபோல், விசாரணை ஒழுங்காக நடந்தது என்ற காரணத்தால் அதன் முடிவு நியாய சபையைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. நியாய சபை தோட்டத்து விசாரணைக்கு மேலே உட்கார்ந்து அதைச் சரிபார்க்கும் இடம் அன்று. பெப்ரவரி 11ஆம் திகதி இரவு வாசலில் என்ன நடந்தது என்பதைச் சபையின் தலைவர் சாட்சிகளின் வாயிலிருந்தே புதிதாகக் கேட்பார். தேவையான விசாரணைகளைச் செய்து, சாட்சியங்களைக் கேட்டு, நீதியும் நியாயமுமாகத் தோன்றும் கட்டளையைப் பிறப்பிக்க வேண்டும் என்பது 31சி பிரிவு அவருக்கு விதித்திருக்கும் கடமை. ரிட் மனுவில் நீதிபதிகள் பெரும்பாலும் காகிதங்களைத்தான் பார்ப்பார்கள். வாச்சரைக் கூண்டில் ஏற்றி ஒரு கேள்விகூட நீங்கள் கேட்க முடியாது.

உங்களை நீக்கியதைத் தோட்ட நிர்வாகம் எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருப்பதால், அந்த நீக்கம் நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. முதலில் சாட்சியை அழைக்க வேண்டியவர்களும் அவர்களே. எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் நீதவானின் தீர்ப்பைப் பற்றிய உங்கள் நம்பிக்கையை நான் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கிறது. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். வேலைநீக்க வழக்கில், குற்றச்சாட்டு களவு போன்றதாகவே இருந்தாலும், நடந்திருப்பதற்கான சாத்தியம் நடக்காமல் இருந்திருப்பதற்கான சாத்தியத்தைவிட அதிகம் என்று காட்டினால் போதும். அசோசியேட்டட் பேட்டரி மனுபெக்சரர்ஸ் கம்பனிக்கும் ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உயர் நீதிமன்றம் 1975இல் இதைத் தெளிவாக்கியது; அன்றிலிருந்து அதுவே அளவுகோல். எனவே நீதவான் விடுவித்தார் என்பதால் வேலை தானாகத் திரும்பி வராது. அந்தத் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியைக் கையில் வைத்திருங்கள். அங்கே வாச்சர் சாட்சியமளித்திருந்தால் அவர் சொன்னதன் பதிவையும் எடுத்து வையுங்கள். ஹட்டனில் அவர் வேறுவிதமாகப் பேசினால் அது பயன்படும்.

அடுத்து, கையொப்பமிட்ட அந்தத் தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. ‘தூளை எடுத்தது உண்மை, மன்னிக்கவும்’ என்ற பொருளில் அது இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே நாம் தயாராக வேண்டும். நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று. ஆகையால் அந்தத் தாளைக் காட்டவே கூடாது என்று தடுக்க முடியாமற் போகலாம். ஆனால் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது, அது எப்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. எழுதியவர் யார், எந்த மொழியில், உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா, தமிழில் விளக்கியவர் யார், அப்போது அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், உங்களுக்கு ஒரு பிரதி கொடுத்தார்களா என்பவற்றை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வெளியே நிறுத்தப்பட்ட தலைவரும் தாம் கண்டதையும் எத்தனை மணிக்கு வந்தார் என்பதையும் தனியாக எழுதி வைக்கட்டும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டாம். அவரவர் நினைவு அவரவர் சொற்களில் இருப்பதே நல்லது.

உங்கள் வழக்கின் உயிர் அந்தத் தூள் பொதியில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நான் ஆஜரான ஒரு வழக்கு இதைப் போன்றதே. வாசல் புத்தகத்தில் வாச்சர் தன் கையால் ‘தூள் 1 கிலோ 400’ என்று எழுதியிருந்தார். சபையில் கொண்டுவந்து வைத்த பொலித்தீன் பையின் வாய் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முத்திரையும் இல்லை, யாரும் கையொப்பமிட்ட சீட்டும் இல்லை. நிறுத்துப் பார்த்தபோது 1 கிலோ 900க்குச் சற்று அதிகமாகக் காட்டியது. குளிர்காலத்தில் தூள் ஈரம் இழுத்து நிறை கூடிவிட்டது என்றார் நிர்வாகத்தின் சாட்சி. தூள் ஈரம் இழுக்கும் என்பது தொழிற்சாலையில் வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் கட்டிய பைக்குள் அரைக் கிலோ ஈரம் ஏறுமா என்று சபையின் தலைவர் கேட்டதற்கும், இடையில் நான்கு மாதம் அந்தப் பை யாருடைய அலுமாரியில் இருந்தது என்று நான் கேட்டதற்கும் அவரிடம் பதில் இருக்கவில்லை.

உங்கள் பொதி அன்றிரவே உங்கள் முன்னிலையில் நிறுக்கப்பட்டதா? ‘ஒன்றரைக் கிலோ’ என்பது தராசு சொன்னதா, வாச்சரின் கை சொன்னதா? பையில் இருந்தது எந்தத் தரத்துத் தூள், அன்றிரவு சலிக்கும் அறையில் ஓடியது எந்தத் தரம்? தொழிலாளருக்கு மாதந்தோறும் கொடுக்கும் தூளும் ஏலத்துக்குப் போகும் தூளும் ஒன்றல்ல என்றால், தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அன்றிரவின் உற்பத்திக் கணக்கில் குறைவு ஏதும் காட்டப்பட்டதா என்பதும் கேட்கப்பட வேண்டியது. களவு போனதாகச் சொல்லும் தூள் எந்தக் கணக்கிலும் குறையவில்லை என்றால் அது உங்களுக்குச் சாதகமான சூழ்நிலை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாதத் தூள் வழங்கும் புத்தகம். பெப்ரவரி மாதப் பக்கத்தில் உங்கள் பெயருக்கும் தங்கை வீட்டாரின் பெயருக்கும் எதிரே திகதியும் நிறையும் கையொப்பமும் இருந்தால், அது உங்கள் வாய்ச்சொல்லைவிடப் பல மடங்கு பேசும். இரண்டு பங்கும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு வராவிட்டால், அதையும் முன்கூட்டியே உங்கள் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் முதன்முறையாக வெளிவரும் உண்மை, உண்மையாகவே இருந்தாலும், பொய் போலத் தோன்றும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்வது என் கடமை. அந்தத் தூள் தொழிற்சாலையின் தூள்தான் என்று சபை முடிவுக்கு வந்தால், அளவு சிறியது என்பது உங்களை முழுமையாகக் காப்பாற்றாது. நேர்மை சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டுகளில், பொருளின் விலையைவிட முதலாளி தொழிலாளி மீது வைத்திருக்க வேண்டிய நம்பிக்கையையே நம் நீதிமன்றங்கள் பெரிதாகப் பார்த்து வந்திருக்கின்றன. 17 வருடத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தண்டனையின் கடுமையைப் பற்றிப் பேசும்போது நிச்சயம் எடை பெறும். பிள்ளைகளின் படிப்பையும் வீட்டு நிலைமையையும் பற்றி நீங்கள் எழுதிய பக்கம் என் மனதைத் தொட்டது. ஆயினும், கொழும்பு மாநகர சபைக்கும் முனசிங்கவுக்கும் இடையிலான வழக்கில் 1969இலேயே, நீதியும் நியாயமுமான கட்டளை இரு தரப்புக்கும் நியாயமாக இருக்க வேண்டும், ஒரு தரப்பின் கஷ்டத்துக்கு மற்றத் தரப்பு காரணமாக இல்லாதபோது அந்தக் கஷ்டம் மட்டும் சலுகைக்குக் காரணமாகாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் வறுமையை முன்னால் வைக்காமல் உண்மையை முன்னால் வையுங்கள்.

தவணைக் கணக்குக்கு வருகிறேன். வேலை நீங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். உங்கள் கடிதம் ஏப்ரல் 24ஆம் திகதியிடப்பட்டிருந்தாலும், நீக்கம் பெப்ரவரி 12 முதல் என்று பின்னோக்கிக் காட்டியிருக்கிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பின்னர் வாதாடலாம். ஆனால் வாதாட வேண்டிய நிலைக்கே போகாமல், முந்திய நாளிலிருந்து எண்ணுங்கள். ஆகஸ்ட் முதல் வாரம் என்று நான் சொன்னது அதனால்தான். உதவித் தொழில் ஆணையாளரின் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்திருப்பதாகவும், அங்கே பேச்சுவார்த்தைக்கு ஒரு நாள் தந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் போங்கள். ஆனால் அங்கே பேச்சு நடக்கிறது என்பதற்காக இங்கே தவணையைத் தவறவிட வேண்டாம். ஒழுக்காற்று நடவடிக்கையால் நீக்கும்போது, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீக்கிய பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பெப்ரவரியில் நீக்கியதாகச் சொல்லிவிட்டு ஏப்ரலில்தான் காரணம் தந்திருக்கிறார்கள் என்பதையும் விண்ணப்பத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நாட்டின் எந்தப் பகுதியிலும் தரப்பினர் சிங்களத்திலோ தமிழிலோ நடவடிக்கையைத் தொடங்கலாம் என்றும், நடவடிக்கை நடக்கும் மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பு வழங்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது; தொழில் பிணக்குகளைத் தீர்க்கும் சபைகளும் அதில் அடங்கும். தொழிற்சாலை ஆபீஸில் உங்களுக்கு மறுக்கப்பட்ட மொழியை இங்கே கேட்டு வாங்குங்கள். விளங்காத எதற்கும் தலையாட்ட வேண்டாம். சட்டத்தரணி வைக்க முடியாவிட்டால், நீங்கள் சந்தா கட்டிய சங்கத்தின் பிரதிநிதி உங்களுக்காகத் தோன்றலாம். சட்ட உதவி ஆணைக்குழுவிடமும் உதவி கேட்கலாம்.

ராஜினாமா எழுதிக் கொடுத்தால், தோட்டம் உங்களை நீக்கவில்லை, நீங்களே விலகினீர்கள் என்று ஆகிவிடும். நியாய சபை விசாரிப்பதற்கே எதுவும் இருக்காது. அதற்குப் பதிலாகத் தருவதாகச் சொல்பவையோ ஏற்கெனவே உங்களுடையவை. ஊழியர் சேமலாப நிதியில் நீங்கள் கட்டிய 8 வீதமும் தோட்டம் கட்டிய 12 வீதமும் உங்கள் கணக்கில் இருப்பவை. சாதாரணமாக ஆண்களுக்கு 55 வயதில் கைக்கு வரும் அந்தப் பணத்தை இன்று எடுத்துத் தர எந்தத் துரைக்கும் அதிகாரம் இல்லை. பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் உங்களுக்கு 238 நாள் சம்பளம் வரும். மோசடிக்கோ பொருள் இழப்புக்கோ நீக்கப்பட்டவர் அந்தப் பணத்தை முழுதாக இழப்பதில்லை; அவரால் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு மட்டுமே இழப்பார். மிக மோசமான முடிவு வந்தாலும் கழிக்கக்கூடியது ஒன்றரைக் கிலோ தூளின் விலைதான். இதைத் துரை சொல்லி அனுப்பியவரிடம் அமைதியாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டை விட்டுப் போக வேண்டாம். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் குடும்பத்தை வெளியேற்றவோ, தண்ணீரையும் கரண்டையும் வெட்டி நெருக்கவோ நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. அப்படி ஏதாவது நடந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

வென்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வேலையில் திரும்ப அமர்த்தும்படியும் இழந்த சம்பளத்தைத் தரும்படியும் சபை கட்டளையிடலாம். அல்லது வேலைக்குப் பதிலாக நட்டஈடு தரலாம். நட்டஈட்டை எப்படிக் கணக்கிடுவது என்பதை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஒரு தரப்பாக இருந்த 1995ஆம் ஆண்டு வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது. உண்மையில் ஏற்பட்ட பண இழப்பே அடிப்படை; இடையில் வேறு வேலையில் உழைத்தது கழிக்கப்படும். இப்போது மரக்கறித் தோட்டத்தில் கைக்காசுக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. எத்தனை நாள், எவ்வளவு என்று மட்டும் எழுதி வைத்து, கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நியாய சபையின் கட்டளையில் திருப்தியில்லாத தரப்பு 30 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். ரிட் வழக்கின் மூலம் நீங்கள் தேடிய நீதிமன்ற மீளாய்வு உங்கள் விடயத்தில் வரும் இடம் இதுதான். ஆனால் அது சட்டப் பிரச்சினை பற்றிய மேன்முறையீடு மட்டுமே. கலிடோனியன் தேயிலை, ரப்பர் தோட்டக் கம்பனியின் 1977ஆம் ஆண்டு வழக்கு சொல்வதுபோல், சபை கண்ட உண்மைகளுக்கு ஆதாரமே இல்லை, அல்லது எந்த நிதானமான மனமும் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்று காட்டினால்தான் மேலே உள்ளவர்கள் தலையிடுவார்கள். ஹட்டனில் கேட்கத் தவறிய கேள்வியை அங்கே புதிதாகக் கேட்க இடமில்லை.

ஆகையால் விண்ணப்பம் பதிவானதும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, வாசல் புத்தகத்தையும், பெப்ரவரி மாதத் தூள் வழங்கும் புத்தகத்தையும், அன்றிரவின் உற்பத்திக் கணக்கையும், அந்தப் பொதியையும் சபைக்குக் கொண்டுவரும்படி அழைப்பாணை கேட்பது. தூள் வழங்கிய அன்று உங்களுக்கு முன்னும் பின்னும் வரிசையில் நின்றவர்கள் யார் என்று இன்றிரவே தங்கையிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சட்ட ஆலோசகர்